கடற்புல்லும் கண்டலும்: நடுவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

கரையோரச் சேற்றில் வளரும் கண்டல் மரத்தைப் பற்றிப் பேச இன்று பலர் உண்டு. கடற்புல்லைப் பேசுவோர் மிகக் குறைவு. மரம் கண்ணுக்குத் தெரிகிறது, புல் நீருக்குள் கிடக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மன்னார்க் கரையில் ஒதுங்கும் சாதாளையை, அதாவது அறுந்துவந்த கடற்புல்லை, பலர் வெறும் குப்பையாகவே எண்ணுகின்றனர். ஆனால் கடற்புல் பாசி அன்று. மண்ணுக்குள் வேரும் தண்டும் ஓடி, நீருக்கடியிலேயே பூத்துக் காய்க்கும் தாவரம். ஓர் இலையைப் பறித்து வெயிலில் பிடித்துப் பார்த்தால், அதன்மேல் மெல்லிய பாசிப் படலமும் கடுகளவு நத்தைகளும் ஒட்டியிருக்கக் காணலாம். ஓரா மீன் மேய்வதும், நண்டுக் குஞ்சுகள் ஒளிந்து வளர்வதும் இப்புற்றரையிலேதான். மன்னார் மீனவர் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசுவுக்கு இதுவே முதன்மையான உணவு. அது மேய்ந்த இடத்தில் புல்லுக்கு நடுவே நீண்ட வெறுமணல் தடம் தெரியும்.

கரையிலிருந்து வரும் சேற்றைக் கண்டல் தடுப்பதால் புல்லுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. புல் அலையின் வேகத்தைத் தணிப்பதால் கண்டலின் அடிமண் கரையாமல் நிற்கிறது. கடலில் பொரித்து, களப்பு கடலோடு சேரும் தொடுவாய் வழியே முல்லைத்தீவுப் பக்கத்து நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய்க் களப்புகளுக்குள் வரும் இறால் குஞ்சுகளுக்கு இவ்விரண்டும் புகலிடம்.

கடலடியை வாரி இழுக்கும் வலையான அடிமட்ட இழுவைமடி இப்புல்லைத் தண்டோடு பிடுங்கிவிடுகிறது. நம் நாட்டில் 2017 இல் சட்டம் அதனைத் தடை செய்தது. எல்லை தாண்டி வரும் இந்திய இழுவைப் படகுகளோ இன்னும் நின்றபாடில்லை.

நல்லெண்ணத்தால் விளையும் கேட்டையும் சொல்ல வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக் கரையோரங்களில் 1,000 ஹெக்டேயருக்கு மேல் கண்டல் நடப்பட்டது. அதில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே எஞ்சியதாக 2017 இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே கண்டல் வேரூன்றக்கூடிய நிலப்பட்டை மிக ஒடுங்கியது. முருங்கைக்காய் போல் மரத்திலேயே தொங்கி முளைக்கும் நாற்றுகளைப் பொறுக்கி, நட எளிதாக இருக்கிறதென்று அந்த நிலப்பட்டைக்குக் கீழேயுள்ள சேற்றில் வரிசையாகக் குத்தினால், அவை நாளெல்லாம் நீரில் மூழ்கி அழுகும். அங்கே கடற்புல் இருந்தால் அதுவும் மிதிபட்டு அழியும். படம் எடுக்க மட்டும் அந்த வரிசை அழகாக இருக்கும்.

மன்னார் மாவட்டத்து விடத்தல்தீவு 2016 இல் இயற்கை ஒதுக்கிடமாயிற்று. 2024 இல் நீருயிரின வளர்ப்புக்கென அதில் 168 ஹெக்டேயரை விடுவிக்க வர்த்தமானி வெளியாகி, வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. தொழில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இறால் குளங்களின் கழிவுநீர் கலந்து கலங்கும் களப்பில், வெளிச்சமின்றி முதலில் சாவது கடற்புல்லே என்பதைத் திட்டமிடுவோர் கணக்கில் எடுக்க வேண்டும்.

நாற்றோடு வரும் குழுக்கள் முதலில் அவ்விடத்தில் சிறகுவலை கட்டி மீன் பிடிப்போரிடம் நீர் எங்கே ஏறி எங்கே வற்றுகிறது என்று கேட்கட்டும். வீதியணை குறுக்கிட்டு நீர் வராமல் கண்டல் பட்டுப்போன இடமானால், மதகு ஒன்றைத் திறந்துவிட்டாலே அருகிலுள்ள மரங்களின் நாற்றுகள் மிதந்து வந்து தாமாக முளைக்கும்.