சென்னை நான்கு மணி நேரம்தானா?

வணக்கம் நேயர்களே. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் விமான டிக்கெட் போட்டுக்கொடுப்பது என் வேலை. கோலாலம்பூரில் இரவு 10.00, சென்னையில் இரவு 11.20 என்று டிக்கெட்டில் இருந்தால், அந்த இரண்டு நேரத்தின் மேலும் விரலை வைத்து, "ஒன்றேகால் மணி நேரத்தில் சென்னையா தம்பி?" என்று கேட்காத பெரியவர்கள் குறைவு. டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர்க் கடிகாரம். நம்மைவிடச் சென்னை இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அதையும் கூட்டினால் 3 மணி 50 நிமிடம். அதுதான் பயண நேரம். முன்பெல்லாம் வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். இங்கே ஏழு மணிக்கு மேல் விடிவதும் அதனால்தான்.

சரி, கணக்குப் பிள்ளைகள் அடுத்த கேள்வியைப் போடுவார்கள். தூரம் சுமார் 2,600 கிலோமீட்டர். ஜெட் விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் போகும். வகுத்தால் மூன்று மணி நேரம்தானே வருகிறது, மீதி எங்கே போனது?

விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும்போதே கணக்குத் தொடங்கிவிடுகிறது. சென்னையில் போய் நிற்கும்போதுதான் முடிகிறது. கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.யில் ஓடுபாதை வரை ஊர்ந்து போகவே நேரம் பிடிக்கும். மேலே கிளம்பிய பிறகும், 10,000 அடியைத் தாண்டும்வரை பொதுவாக மணிக்கு 460 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இறங்கும்போதும் அப்படியே. அப்புறம், இறங்க முறை வரும்வரை வானத்தில் சுற்றுவதும் உண்டு.

இதில் எனக்குப் பிடித்தது காற்றின் கதை. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காலத்தில், தமிழ்நாட்டில் தரையில் வீசுவது மேலைக்காற்று. ஆனால் விமானம் பறக்கும் உயரத்தில் தலைகீழ். கிழக்கிலிருந்து மேற்கே வேகமாக அடிக்கும். இந்தக் கீழைத் தாரைக்காற்றைப் பற்றி 1958இல் ஆய்வுக் கட்டுரை எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம். ஆக, ஜூலையில் சென்னைக்குப் போகும்போது காற்று முதுகைத் தள்ளிவிடும், திரும்பும்போது முகத்தில் மோதும். லண்டன் பயணத்தில் இது அப்படியே மாறும். வழியில் பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று என்பதால், போகப் பதினான்கு மணி நேரம் ஆனாலும் வரும்போது ஒரு மணி நேரம் போலக் குறையும்.

நம் தாத்தாக்களுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினால் பினாங்கு வந்து சேர நாள்கணக்கில் ஆகும்!

கடைசியாக ஒன்று, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து திரும்பும் விமானம் பல நடுநிசிக்கு மேல்தான் கிளம்பும். டிக்கெட்டில் சனிக்கிழமை 00.20 என்று போட்டிருந்தால், வெள்ளிக்கிழமை இரவு சாப்பாட்டை முடித்த கையோடு மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போய்விட வேண்டும். சனிக்கிழமை இரவு பெட்டியோடு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். புது டிக்கெட்டுக்கு என்னிடம்தான் போன் வரும்.