அக்கிக் குளிசையும் அன்ரிபயோற்றிக்கும்: ஒண்டாப் போடலாமோ?

வணக்கம். வைரசு மருந்தையும் அன்ரிபயோற்றிக்கையும் சேர்த்துப் போட்டால் வயித்துக்க ஒண்டோடொண்டு அடிபடுமோ எண்டு கன பேர் பயப்பிடுகினம். அனேகமா வயித்துக்க ஒண்டும் நடக்காது. கரைச்சல் வாற இடம் கிட்னி, இல்லாட்டி ஈரல்.

அக்கியை எடுப்பம். பெரியாக்களுக்கு அசைக்குளோவிர் எண்ட வைரசு மருந்து 800 மில்லிகிராம், நாளைக்கு 5 தரம், 7 நாள். கொப்புளம் போட்டு 72 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கவேணும், பிந்தினால் பலன் குறையும். சொறிஞ்சு சிதல் பிடிச்சால் குளொக்சசிலின் எண்ட அன்ரிபயோற்றிக்கும் எழுதுவினம். இந்தச் சோடிக்குப் பயப்பிடத் தேவையில்லை. அமொக்சிசிலினும் அப்பிடித்தான்.

ஆனா அசைக்குளோவிர் சலத்தோடதான் வெளிய போகும். எங்கட சித்திரை வெயிலில தண்ணி குடியாமல் இருந்தால், கிட்னியின்ர சின்னக் குழாயளுக்க கற்கண்டு மாதிரி உறைஞ்சு அடைக்கலாம். ஊசியாக் குடுக்கேக்க இந்த ஆபத்து இன்னும் கூட, அதாலதான் வார்ட்டில ஒரு மணித்தியாலமா மெல்ல ஏத்துறது. ஜென்ராமைசின், அமிக்காசின் எண்ட அன்ரிபயோற்றிக் ஊசியள் அதே குழாயின்ர சுவரைப் பழுதாக்கும். அசைக்குளோவிரோட இதுவும் சேர்ந்தால் ரத்தத்தில கிரியேற்றினின் (கிட்னி வெளியேத்தவேண்டிய கழிவு) ஏறலாம். கோ-ட்ரைமொக்சசோல் எண்ட அன்ரிபயோற்றிக் எண்டால் ரத்தத்தில பொட்டாசியம் ஏறுதோ எண்டும் கவனிக்கவேணும். இதுக்கு மேல நோவுக்கெண்டு பாமசியில டைக்குளோபினக் வாங்கிப் போடுறது இருக்கே, நான் கூடப் பயப்பிடுறது அதுக்குத்தான்.

கிட்னி மந்தமானால் அசைக்குளோவிர் உடம்பிலயே தேங்கி மூளையைத் தாக்கும். ஆள் தடுமாறும், மாறிக் கதைக்கும், இல்லாததைக் கண்டனெண்டு சொல்லும். வீட்டில என்ன சொல்லுவினம்? "அம்மாவுக்கு அறளை பேந்திட்டுது." இல்லை, குளிசை தொடங்கி ரெண்டு மூண்டு நாளுக்குள்ள இப்பிடி வந்தால் உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. துண்டு எழுத முதலே கிளினிக் கொப்பியைக் காட்டுங்கோ. கிரியேற்றினின் கிளியரன்ஸ் (கிட்னி எவ்வளவு வடிக்குது எண்ட கணக்கு, நிமிசத்துக்கு மில்லிலீற்றரில) 25க்குக் கீழ எண்டால் அந்த 800ஐ நாளைக்கு 3 தரம்தான் குடுக்கிறது, 10க்குக் கீழ எண்டால் 2 தரம்.

ஈரல் பக்கம் முக்கியமான ஆள் ரிபாம்பிசின், கசநோய்க்குக் குடுக்கிற அன்ரிபயோற்றிக். அது மருந்துகளை உடைக்கிற ஈரலின்ர நொதியளைக் கூட்டி, சில வைரசு மருந்துகளை வேலை செய்ய முதலே கரைச்சுப்போடும். எச்.ஐ.வி.க்கு டொலுடெக்ராவிர் போடுற ஆளுக்கு அதாலதான் 50 மில்லிகிராமை நாளைக்கு ஒருக்கால் இல்லாமல் ரெண்டு தரம் குடுக்கிறது. ரிபாம்பிசினை நிப்பாட்டினாலும் அந்த விளைவு 2 கிழமை மட்டும் நிக்கும்.

சரி, அக்கிக்கு நேரம் பிரிப்பம். அசைக்குளோவிர் காலமை 6, 10, பின்னேரம் 2, 6, இரவு 10. சாப்பாட்டோடயும் போடலாம். குளொக்சசிலின் 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கால், வெறும் வயித்தில: காலமை 6, மத்தியானம் 12, பின்னேரம் 6, சாமம் 12. ரெண்டு 6 மணிக்கும் ரெண்டையும் ஒண்டா விழுங்கலாம், பிறகு ஒரு மணித்தியாலம் கழிச்சுச் சாப்பிடுங்கோ. தண்ணி நாளைக்கு 2 லீற்றருக்குக் குறையாமல். இருதய வருத்தத்துக்கோ கிட்னி வருத்தத்துக்கோ தண்ணி அளந்து குடிக்கிற ஆக்கள் மட்டும் டொக்டர் சொன்ன அளவை மாத்தாதேங்கோ.