கடல் ஐஸ்ல துளை போட்டு உப்பு அளக்கிறது எப்படி?

[காட்சி: காசிமேடு, விடியக்காலை. ஐஸ் கம்பெனியில் டின்னைக் கவிழ்த்து பார் இறக்குகிறார்கள்.]

நல்ல தண்ணி ஊத்தின டின்னை உப்புத் தண்ணித் தொட்டியில இறக்கி வைக்கிறாங்க. டின்ல இருக்கிறது உறையுது, சுத்தியுள்ள உப்புத் தண்ணி உறையறதில்ல. பாருக்கு நடுவுல வெள்ளையா ஓடுது பாருங்க, கடைசியா உறைஞ்ச இடம் அது. ஐஸ் உறையும்போது உப்பையும் காத்தையும் ஒதுக்கி ஒதுக்கி அங்க தள்ளிடும்.

ஆர்க்டிக்லயும் இதே கதைதான். கடல் தண்ணி சுமார் மைனஸ் 1.8 டிகிரியில உறையும். ஒதுக்கின உப்புல ஒரு பங்கு கடலுக்கே திரும்பிடும், மிச்சம் ஐஸுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத குழிகள்ல திரவமா மாட்டிக்கும். நாம அளக்கப் போறது அதைத்தான்.

[காட்சி: பனிக்குழி, பக்கத்தில் டிரில்.]

முதல்ல மேல கிடக்கிற பனி. வெயில் படாத பக்கமா குழி வெட்டி, 100 கன சென்டிமீட்டர் கட்டரைச் செருகி எடுத்து எடை போடுங்க. 33 கிராம் வந்தா அடர்த்தி கன மீட்டருக்கு 330 கிலோ. பனி ஐஸுக்குப் போர்வை மாதிரி. மேல கனமா கிடந்தா அடியில ஐஸ் மெதுவாத்தான் தடிக்கும்.

அடுத்து 9 சென்டிமீட்டர் குழாய் டிரில். இறக்க ஆரம்பிச்சா சுத்தறதை நிறுத்தவே கூடாது. ஈரத் தூள் நிமிஷத்துல உறைஞ்சு குழாயைக் கவ்விக்கும். அப்பப்போ சுத்திக்கிட்டே மேல தூக்கித் தூளைக் கொட்டுங்க.

குழாய்க்குள்ள உருளையா வர்ற ஐஸ் தண்டு வெளிய வந்ததும் ஓட்டம்தான். 5 சென்டிமீட்டருக்கு ஒரு சின்னத் துளை, நடுவரைக்கும் தெர்மாமீட்டர். அடிமுனையில இருந்து தொடங்குங்க. அது கடலைத் தொட்டுக்கிட்டிருந்த பக்கம், குளிர் காத்துல அதுதான் வேகமா மாறும்.

உப்புக்கு வேற தண்டு, அரை மீட்டருக்குள்ள. அடிமுனையில உப்புத் தண்ணி சொட்டும். சொட்டினது போச்சுன்னா அளவு குறைச்சலாத்தான் வரும், அதைப் பிறகு சரிக்கட்ட வழியே இல்ல. அதனால உடனே வெட்டி, மூடி இறுக்கின டப்பாவுல போடுங்க. டப்பா மேல பென்சில்ல எழுதுங்க, பேனா மை உறைஞ்சிடும். அறையில முழுசா உருகினப்புறம் மின்கடத்து மீட்டர்ல பாருங்க, தண்ணியில மின்சாரம் எவ்வளவு பாயுதுன்னு வச்சு அது உப்பைக் காட்டும்.

ரெண்டு எண்ணும் எதுக்கு? உதாரணமா, வெப்பநிலை மைனஸ் 5 டிகிரி, உப்பு ஆயிரத்துக்கு 5 பங்குன்னு வச்சுக்குங்க. அப்போ ஐஸோட கன அளவுல உள்ள இருக்கிற உப்புத் தண்ணி ஏறக்குறைய 5 சதவீதம். அதைத் தாண்டினா குழிகள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து, ஐஸ் வழியா தண்ணி ஓட ஆரம்பிக்கும். ஒரு எண்ணை மட்டும் வச்சுக்கிட்டு இதைச் சொல்ல முடியாது.

துப்பாக்கியோட ஒருத்தர் துருவக் கரடிக்குக் காவல் நிக்கணும். அவருக்கு வேற வேலை கொடுக்காதீங்க.

கிளம்பும்போது துளைகிட்ட கொம்பு நட்டு கொடி கட்டுங்க. பனி மூடினா துளை தெரியாது, கால் உள்ள போயிடும்.