சொந்த அணியிடம் சொல்ல வேண்டியது

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவில் இனவெறித் தாக்குதல் ஒன்று நடந்தால், கொலையாளி எந்தக் கட்சியின் பக்கம் சாய்ந்தவன் என்ற சண்டை அன்றிரவே தொலைக்காட்சிகளில் தொடங்கிவிடுகிறது. எதிரணியில் இருக்கும் வெறியனைக் கண்டிக்க யாருக்கும் துணிவு தேவையில்லை. அதற்குக் கைதட்டல்தான் கிடைக்கும். தன் வாக்காளர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்தே தன் அணிக்குள் நின்று பேசுவதுதான் கடினம் என்பதும், நிலைமையை மாற்றுவது பெரும்பாலும் அந்தப் பேச்சுதான் என்பதும் என் கருத்து. தென் கரோலினாவில் 2015ஆம் ஆண்டு நடந்ததை வைத்து இதை விளக்க முயல்கிறேன்.

அந்த ஆண்டு ஜூன் 17 அன்று, சார்ல்ஸ்டன் நகரின் இமானுவேல் தேவாலயத்தில் விவிலிய வகுப்புக்கு வந்த ஒரு வெள்ளையின இளைஞனை அங்கிருந்தவர்கள் வரவேற்றுத் தங்களுடன் அமரவைத்தார்கள். வகுப்பு முடியும் நேரத்தில் அவன் கறுப்பினத்தவர் 9 பேரைச் சுட்டுக் கொன்றான். இறந்தவர்களில் போதகர் கிளமென்டா பிங்க்னி, மாநில செனட் உறுப்பினரும் ஆவார். அடிமைமுறையைக் காப்பதற்காகப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் கொடியான கான்ஃபெடரேட் கொடியுடன் கொலையாளி எடுத்துக்கொண்ட படங்கள் பிறகு வெளிவந்தன.

மாநிலத் தலைநகர் கொலம்பியாவின் சட்டமன்ற வளாகத்தில் நாட்டுக்கொடியும் மாநிலக் கொடியும் அரைக்கம்பத்துக்கு இறங்கியபோது, அதே வளாகத்தில் கான்ஃபெடரேட் கொடி மட்டும் முழு உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. சட்டமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் யாரும் அதைத் தொட முடியாதபடி 2000ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியிருந்தார்கள்.

ஜூன் 27 அன்று பிரீ நியூசம் என்ற கறுப்பினப் பெண் கம்பத்தில் ஏறி அக்கொடியைத் தன் கையாலேயே இறக்கினார். காவலர்கள் அவரைக் கைது செய்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் கொடி மறுபடியும் ஏற்றப்பட்டது. அவருடைய துணிவை நான் குறைத்துப் பேசவில்லை, அந்த அழுத்தம் இல்லாமல் எதுவும் நகர்ந்திருக்காது. ஆனால் கொடியை நிலையாக இறக்குவதற்கான வாக்குகள், அதைப் பல காலம் காத்து நின்ற குடியரசுக் கட்சியிடம்தான் இருந்தன.

அக்கட்சியைச் சேர்ந்த ஆளுநர் நிக்கி ஹேலி, கொடியை அகற்ற வேண்டும் என்று ஜூன் 22 அன்று வெளிப்படையாகக் கோரினார். இனப் பிரிவினையை முழக்கமாக வைத்து 1948இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற ஸ்ட்ராம் தர்மண்டின் மகனும், அதே கட்சியின் மாநில செனட் உறுப்பினருமான பால் தர்மண்ட், அடிமைமுறைக்காகப் போரிட்ட அந்தப் பாரம்பரியத்தில் தமக்குப் பெருமை இல்லை என்று செனட் அவையில் பேசினார். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் இதையே சொல்லியிருந்தால், வழக்கமான வசை என்று எளிதில் ஒதுக்கியிருப்பார்கள். பிரதிநிதிகள் அவையில் நள்ளிரவைத் தாண்டி நீண்ட விவாதத்துக்குப் பிறகு 94 பேர் ஆதரவாகவும் 20 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். ஜூலை 10 அன்று இறக்கப்பட்ட கொடி அங்கே மறுபடி ஏறவில்லை.

இதற்கு 9 உயிர்கள் போக வேண்டியிருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான், என்னிடம் ஆறுதலான பதில் இல்லை.

சட்டத்தால் எல்லாவற்றையும் தடுத்துவிடலாம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உடனடி வன்முறையைத் தூண்டும் நோக்கமும், அது நிகழும் வாய்ப்பும் இருந்தாலன்றி வெறுப்புப் பேச்சைத் தண்டிக்க முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1969லேயே பிராண்டன்பர்க் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. எனவே, 2017இல் சார்லட்ஸ்வில் நகரில் நடந்த வெள்ளை இனவெறியர்களின் பேரணியால் காயமுற்றவர்கள், அதை ஏற்பாடு செய்தவர்கள் மீது இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தார்கள். 2021இல் நடுவர் குழு 2.5 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. நீதிபதி பின்னர் அதைப் பெருமளவு குறைத்தார். தாமதமான வழிதான், ஆனால் அது நடந்த வன்முறைக்குக் கணக்குக் கேட்கிறது. அண்டை வீட்டாரின் மனத்தில் ஊறும் வெறுப்பை அதனால் எட்ட முடியாது.

அந்த இடத்தில் பேச வேண்டியவர், அந்த அண்டை வீட்டார் மதிக்கும் அணியைச் சேர்ந்த ஒருவர்தான். அப்படிப் பேசுபவரும் ஒருமுறை பேசியதோடு நிறுத்திவிடக் கூடாது. இதே ஹேலி, 2023 டிசம்பரில் தம் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளராவதற்குப் போட்டியிட்டபோது, அந்தத் தென் மாநிலங்கள் பிரிந்துபோய்ப் போரிட்ட உள்நாட்டுப் போருக்குக் காரணம் என்ன என்று நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு வாக்காளர் கேட்க, அடிமைமுறை என்ற சொல்லைத் தவிர்த்தே பதில் சொன்னார். கண்டனம் கிளம்பிய பிறகு, மறுநாள்தான் அதைத் திருத்தினார்.