குசினியைப் படம் பிடித்தவர் யார்?

நடுவர் அவர்களே, எதிரணியில் இருந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கும் நண்பர்களே, சபையோரே, வணக்கம்.

விட்டுவந்த வீட்டை மனசுக்குள் திரும்பக் கொண்டுவருவது படமா, பாட்டா? இதுதான் இன்றைய வழக்கு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், படம்தான் சாட்சி, பாட்டு வெறும் சத்தம் என்று முடித்தார். படத்தைப் பார்த்தால் கதவுக்கு என்ன நிறப் பெயின்ட் அடித்திருந்தது என்றுகூடச் சொல்லலாமாம். சரி, சொல்லட்டும். வீட்டை விற்க வந்த தரகருக்கு அது உதவும்.

நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் பழைய வீட்டு ஆல்பத்தில் குசினி இருக்கிறதா? கிணற்றடி இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. ஒரு பிலிம் ரோலில் 36 படம். அதை யார் சட்டி பானைக்குச் செலவழிப்பார்கள்? பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம், அப்புறம் வெளிநாடு போகிற அண்ணனை நடுவில் நிறுத்தி ஒன்று. எல்லாம் முன் விறாந்தையில் எடுத்தவை. அம்மம்மா அந்த வீட்டில் பாதி ஆயுளைக் குசினியில்தான் கழித்தார். படத்திலோ பட்டுச்சேலை உடுத்து, அந்த வீட்டுக்கே விருந்தாளியாக வந்தவர் மாதிரி நிற்கிறார்.

பாட்டு விறாந்தையோடு நிற்கவில்லை. ஹோலில் அலுமாரிக்கு மேல் இருந்த ரேடியோவின் சத்தம் குசினிக்குப் போனது, கிணற்றடிக்குப் போனது, மதில் தாண்டிப் பக்கத்து வீட்டுக்கும் போனது. அவர்கள் வீட்டுப் பைலாப் பாட்டும் கேட்காமலே எங்களிடம் வந்தது. இலங்கை வானொலி நிலையம் 1967இல் கூட்டுத்தாபனம் ஆகிவிட்டது. எங்கள் வீடுகளில் அது கடைசிவரை சிலோன் ரேடியோதான். காலையில் ரேடியோவில் பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சி தொடங்கினால் குளிக்கப் போகவேண்டும், அது முடிவதற்குள் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் அதே நேரம், அதே இடம், அதே வேலை. அந்த நாளில் அடிக்கடி போன பாட்டு ஒன்று இன்றைக்குக் காதில் விழுந்தால் அது தனியாக வருகிறதா? கிணற்றுத் தண்ணீரின் குளிர் வருகிறது, தேங்காய் துருவும் சத்தம் வருகிறது, "இன்னும் வெளிக்கிடேல்லையா?" என்ற அதட்டலும் வருகிறது.

இது என் சொந்தச் சரக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆட்களுக்குப் பழைய பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள், பிரபலங்களின் முகப் படங்களையும் காட்டினார்கள். எண்ணிக்கையில் அதிக நினைவுகளைக் கிளப்பியது முகங்கள்தான். எதிரணி கைதட்டலாம், ஒரு நிமிடம் தருகிறேன். ஆனால் கூடுதல் விவரத்தோடு, தெளிவாக வந்தவை பாட்டுக் கிளப்பிய நினைவுகள். எண்ணிக்கையை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

இனிச் சொல்லப்போவதற்கு நடுவர் மணி அடிக்கவேண்டாம், இது அரசியல் இல்லை. 1983 ஜூலையில் இந்தக் கொழும்பில் வீடுகள் எரிந்தபோது ஆல்பங்களும் எரிந்தன. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து வலிகாமச் சனம் ஒரே இரவில் வீட்டை விட்டு நடந்தே வெளியேறியது. சுவரில் மாட்டியிருந்த படங்களைக் கழற்ற எத்தனை பேருக்கு நேரம் கிடைத்தது? இந்தச் சபையில் ஒரு படம்கூட மிஞ்சாதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குப் பழைய வீடு ஞாபகமே வராது என்று எதிரணி சொல்லத் தயாரா?

இன்னொன்று. அந்த 90களில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரியும் கிடைக்காது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். சுற்றுகிற தம்பிக்குக் கை உளைந்தால் பாட்டும் இறங்கிப்போகும். பெரியப்பா சத்தம் போட்டால் திரும்ப ஏறும். அந்தப் பாட்டு இன்றைக்கு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் கைபேசியில் பிசிறில்லாமல் ஒலிக்கிறது. கேட்கிறவருக்கோ அது எந்த இடத்தில் இறங்கும் என்று இன்னும் தெரியும். யார் சுற்றியது, யார் வாசற்படியில் இருந்தது, எல்லாம் தெரியும். இதை எந்தக் கமராவில் எடுப்பது?

எதிரணியிடம் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. அவர்கள் கேட்க மறந்ததால் நானே கேட்கிறேன். ஒரே பாட்டு ஆயிரம் வீட்டில் ஒலித்ததே, அது எப்படி உன் வீட்டை மட்டும் காட்டும்? இந்த மண்டபத்தில் இப்போது ஒரு பழைய பாட்டைப் போடுங்கள். ஒருவர் கொட்டாஞ்சேனைக்குப் போவார், ஒருவர் பருத்தித்துறைக்கு, ஒருவர் பதுளைத் தோட்டத்து லயத்துக்கு. ஆளாளுக்கு அவரவர் வீடு. யாரும் வழி மாறி அடுத்தவர் குசினிக்குள் போகமாட்டார்கள். பிள்ளைகளிடம் காட்டுவதற்குப் படம் வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நமக்குள்ளே எது கொண்டுவருகிறது என்பதுதானே வழக்கு?

காதுக்குள் இயர்போன் செருகி, ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்கும் இன்றைய வீடுகளுக்கு இதே வாதம் செல்லுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். அதை அந்தப் பிள்ளைகள் 2060இல் பட்டிமன்றம் வைத்துப் பேசட்டும்.

கடைசியாக ஒரு சாட்சி. தேநீர் இடைவேளையில் எதிரணிப் பேச்சாளர் ஒருவர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தார். என்ன ஐயா, எந்த வீட்டு ஞாபகம் என்று கேட்டேன். "ஆட்டுப்பட்டித்தெருவில் முந்தி இருந்த வீடு, அம்மா வடை சுடுகிற நேரம் ரேடியோவில் இதுதான் போகும்" என்றார். கையில் வடை இருந்தது, படம் இருக்கவில்லை. எனக்கு அடுத்துப் பேச வருகிறவர் அவர்தான், நடுவர் அவர்களே. விசாரித்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.