காய்ச்சல் வராவிட்டால் ஊசி வேலை செய்யவில்லையா?

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் கோவிட் தடுப்பூசியைப் பற்றிப் பேச்செடுத்தால், இன்றைக்கும் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். "ஊசி போட்ட மறுநாள் எல்லோருக்கும் காய்ச்சல் அடித்தது, எனக்கு ஒன்றுமே இல்லை, அப்படியானால் மருந்து என் உடம்பில் பிடிக்கவில்லையா?" என்பது ஒன்று. "மூன்று ஊசி போட்டும் கோவிட் வந்ததே, பிறகு எதற்கு அந்த ஊசி?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை பெரும்பாலும் நம் அக்குளில்தான் இருக்கிறது. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

மலேசியாவில் தேசியத் தடுப்பூசித் திட்டம் 2021 பிப்ரவரி 24 அன்று, அப்போதைய பிரதமர் முகிதீன் யாசின் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டதோடு தொடங்கியது. மைசெஜாத்ரா கைப்பேசிச் செயலியில் தேதி வந்ததும் நம்மில் பலர் ஃபைசர் அல்லது சினோவேக் போட்டுக்கொண்டோம். சினோவேக் ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட முழு வைரஸ். ஃபைசரில் வைரஸே கிடையாது. வைரஸின் மேல் முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பு மட்டும், 30 மைக்ரோகிராம் எம்ஆர்என்ஏ வடிவில், மிக நுண்ணிய கொழுப்புத் துளிகளுக்குள் வைத்துச் செலுத்தப்படுகிறது. நம் அணுக்கள் அதைப் படித்துப் புரதத்தைச் செய்கின்றன. மரபணு இருக்கும் அணுக்கருவுக்குள் அந்தக் குறிப்பு நுழைவதில்லை. சில நாட்களில் சிதைந்துபோகிறது. முன்பெல்லாம் இப்படி வெளியிலிருந்து செலுத்திய எம்ஆர்என்ஏவைக் கண்டு உடல் மிகையாக மிரண்டது. அதன் எழுத்துகளில் ஒன்றைச் சற்று மாற்றினால் அந்த மிரட்சி அடங்கும் என்று அறிவியலாளர்கள் கட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005-இல் காட்டினார்கள். 2023-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனிக் காய்ச்சலுக்கு வருவோம். ஊசி இறங்கிய தோள் தசைக்கு முதலில் ஓடிவருபவை, எந்தக் கிருமி என்று ஆராயாமல் அந்நியப் பொருள் எதுவானாலும் எச்சரிக்கை எழுப்பும் அணுக்கள். அவை வெளியிடும் வேதிப்பொருள்கள் மூளையை எட்டும்போது உடல் சூடேறுகிறது, கை கால் வலிக்கிறது, நாம் காய்ச்சல் மாத்திரையான பெனடோலைத் தேடுகிறோம். இந்த எச்சரிக்கை ஆளுக்கு ஆள் மாறும். ஃபைசரின் பெரிய ஆய்வில், இரண்டாம் ஊசிக்குப் பின் காய்ச்சல் கண்டவர்கள் 16 முதல் 55 வயதுக்காரர்களில் 16 விழுக்காட்டினர். அதற்கு மேற்பட்ட வயதினரில் 11 விழுக்காட்டினர். அதே ஆய்வில் நோய் வராமல் தடுத்த திறனோ ஏறக்குறைய 95 விழுக்காடு. காய்ச்சல் வந்தவர்களுக்கு மட்டுந்தான் ஊசி பலித்தது என்றால் இந்தக் கணக்கு எப்படி வரும்?

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தசையிலிருந்து சில அணுக்கள் ஸ்பைக் புரதத்தின் துண்டுகளைச் சுமந்துகொண்டு அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணுக்களுக்கு, அதாவது நோயெதிர்ப்பு அணுக்கள் கூடும் சிறு முடிச்சுகளுக்குப் போகின்றன. எங்கள் வரிசை வீட்டு அக்கா ஒருவர் தோட்டத்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) உதிரிப் பழம் பொறுக்குபவர். வலது கை வேண்டும் என்று இடது கையில் ஊசி போட்டுக்கொண்டார். இரண்டு நாள் கழித்து இடது அக்குளில் புளியங்கொட்டை அளவுக்கு நெறி கட்டியிருந்தது. பயந்துபோய் என்னிடம் கேட்டார். அது அந்தக் கணு வேலைசெய்து வீங்கியதுதான். சில வாரங்களில் தானாக வற்றிவிடும். வற்றாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இந்த வீக்கம் படத்தில் வேறாகத் தெரியலாம் என்பதால், மார்பகப் படம் (மேமோகிராம்) எடுக்கப் போகும் பெண்கள், எந்தக் கையில் எப்போது ஊசி போட்டோம் என்பதை அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.

ஒரு நிமிடம், செம்பனை லாரி போகிறது. சரி, அந்த லாரியையே எடுத்துக்கொள்வோம். ஆலை வாசலில் தரம் பார்ப்பவர் பழுத்த குலையை ஏற்றுப் பழுக்காததைத் தள்ளுவதுபோல, ஸ்பைக் புரதத்தை நன்றாகப் பற்றும் பி அணுக்கள் என்ற வெள்ளணுக்களை மட்டும் கணுவுக்குள் இருக்கும் டி அணுக்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் தேர்ந்தெடுக்கின்றன. தேறியவை பெருகுகின்றன, சிறிது மாறுகின்றன, மறுபடியும் சோதனைக்கு வருகின்றன. ஃபைசர் போட்டுக்கொண்ட சிலரின் அக்குள் கணுக்களில் மாதிரி எடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், இரண்டாம் ஊசிக்குப் பிறகு குறைந்தது 12 வாரங்கள் வரை இந்தத் தேர்வு நடந்துகொண்டிருந்ததைக் கண்டார்கள். மறுநாள் காய்ச்சலை வைத்து ஊசியை மதிப்பிடுவது எவ்வளவு அவசரம் என்று பாருங்கள். தேறிய அணுக்களில் ஒரு பகுதி எலும்பு மச்சைக்குப் போய், வைரஸைப் பற்றி முடக்கும் புரதமான எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டிருக்கும். இன்னொரு பகுதி நினைவு அணுக்களாகக் காத்திருக்கும். வைரஸ் புகுந்த அணுக்களையே அழிக்கும் டி அணுக்களும் உருவாகியிருக்கும்.

அப்படியிருந்தும் கோவிட் ஏன் வந்தது? கையில் போட்ட ஊசி இரத்தத்தில் எதிர்ப்பொருளை நிறையத் தருகிறது. வைரஸ் முதலில் இறங்கும் மூக்குச் சவ்வில் குறைவாகவே தருகிறது. அந்த எதிர்ப்பொருளும் மாதங்கள் செல்லச் செல்ல இறங்கும். போதாததற்கு, 2021 இறுதியில் வந்த ஓமிக்ரான் தன் ஸ்பைக்கில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்களோடு வந்தது. ஆகவே மூக்கில் தொற்று பிடித்துவிடுகிறது. ஆனால் நினைவு அணுக்கள் சில நாட்களில் எழுந்து பெருகுகின்றன. டி அணுக்கள் அடையாளம் காணும் துண்டுகளில் பெரும்பாலானவை ஓமிக்ரானில் மாறவே இல்லை. மூக்கில் தொடங்கியது நுரையீரலைச் சிதைப்பதற்குள் பலருக்கு அங்கேயே தடுக்கப்பட்டது இதனால்தான். காசு கொடுத்து எதிர்ப்பொருள் அளவைச் சோதித்துப் பார்த்து, எண் குறைந்துவிட்டது என்று கலங்குவதில் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் அந்தச் சோதனை நினைவு அணுக்களை எண்ணுவதே இல்லை.

பக்க விளைவையும் மறைக்கக்கூடாது. எம்ஆர்என்ஏ ஊசிக்குப் பின், குறிப்பாக இளைஞர்களுக்கு இரண்டாம் ஊசியை அடுத்த சில நாட்களில், மிக அரிதாக இதயத் தசையில் அழற்சி வந்ததுண்டு. நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இருந்தால் பெனடோல் போட்டுப் படுக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வயதானவர்களின் நிலை வேறு. புதிய கிருமியை எதிர்கொள்ளும் புத்தம்புது அணுக்கள் வயது ஏற ஏறக் குறைவதால், அதே ஊசி அவர்களிடம் மெல்லிய பதிலையே எழுப்பும். சினோவேக் எழுப்பிய எதிர்ப்பொருளும் ஃபைசரைவிடக் குறைவுதான். 2021 அக்டோபரில் இங்கே ஊக்க ஊசி (மூன்றாம் ஊசி) தொடங்கியபோது முதியவர்களை முன்னால் அழைத்ததற்கு வயதானவர்களின் இந்த மெல்லிய பதிலும் ஒரு காரணம். உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டி முதல் இரண்டோடு நிறுத்தியிருந்தால், அடுத்த முறை நீரிழிவு மருந்து வாங்கக் கிளினிக்கிற்குப் போகும்போது இதையும் சேர்த்துக் கேட்டு வாருங்கள்.