மூன்றாவது குரோமோசோமும் நம் நுரையீரலும்

நேயர்களுக்கு வணக்கம்.

கொரோனா காலத்தில் ஒரே வீட்டில் அண்ணன் ஆக்சிஜன் படுக்கையில் கிடந்தார். தம்பிக்கு இரண்டு நாள் தொண்டை வலியோடு போயிற்று. வயது, சர்க்கரை நோய், உடல் பருமன் என்று காரணம் தேடினோம். பெரும்பாலும் அவையே காரணம். ஆனால் அவை எதுவும் இல்லாத இளைஞர்களும் மூச்சுத் திணறினார்களே, அது ஏன்?

நெதர்லாந்தில் 2020இல் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு குடும்பங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு சகோதரர்கள். நால்வரும் 35 வயதுக்குள் இருந்தவர்கள், பெரிய நோய் எதையும் அறியாதவர்கள். நால்வருக்கும் வென்டிலேட்டர் தேவைப்பட்டது, ஒருவர் இறந்துவிட்டார். அவர்களுடைய மரபணுக்களை ஆராய்ந்தபோது டிஎல்ஆர்7 என்ற மரபணு பழுதாகியிருந்தது தெரிந்தது. வைரஸ் உள்ளே வந்ததை உணர்ந்து, வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை உடலைச் சுரக்கவைக்கும் மரபணு அது. மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களில், எக்ஸ் என்ற ஒன்றில் அது இருக்கிறது. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு என்பதால் ஒன்று பழுதானாலும் மற்றொன்று கைகொடுக்கும். ஆண்களுக்கு இருப்பது ஒன்றே ஒன்று.

இத்தகைய பழுது மிக அபூர்வம். நம்மைப் போன்றோரிடம் பரவலாக இருப்பது வேறொன்று. கொரோனா தீவிரமடைவதோடு தொடர்புடைய ஒரு மரபணுத் துண்டு, இத்தாலி, ஸ்பெயின் நோயாளிகளை ஆராய்ந்தபோது மூன்றாவது குரோமோசோமில் தென்பட்டது. அது, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோன நியாண்டர்தால் என்ற மனித இனத்திடமிருந்து நமக்கு வந்தது என்று மரபியல் ஆய்வாளர்கள் ஹியூகோ செபர்க்கும் ஸ்வாந்தே பேபோவும் அதே 2020இல் காட்டினார்கள். ஐரோப்பாவில் 16 சதவீதம் பேரிடம் அது இருக்கிறது. தெற்காசியாவிலோ ஏறக்குறைய பாதிப் பேரிடம்!

இந்தச் செய்தியைக் கேட்டு, நம் ரத்தத்திலேயே குறை இருக்கிறது என்று கலங்கியவர்கள் உண்டு. அந்தக் கலக்கம் வேண்டாம் என்று சொல்லத்தான் இன்று வந்தேன்.

அந்தத் துண்டு என்ன செய்கிறது? ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2021இல் சொன்ன விளக்கம் இது: நுரையீரலின் உட்படலச் செல்கள், வைரஸ் தாக்கும்போது தம் இயல்பை மாற்றிக்கொண்டு, அது பற்றிக்கொள்ளும் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கின்றன. அந்தத் துண்டு எல்இசட்டிஎஃப்எல்1 என்ற மரபணுவை மிகையாக இயங்கவைக்கிறது, அதனால் இந்தத் தற்காப்பு தாமதமாகிறது. பாதிப்பு நுரையீரல் செல்களில்தான், நோய் எதிர்ப்புச் செல்களில் அல்ல. ஆகவே இந்தத் துண்டு உள்ளவர்களுக்கும் தடுப்பூசி வழக்கம்போலவே பயன் தரும் என்றார்கள் அவர்கள்.

இந்தியா, வங்கதேச மக்களின் தரவுகளை ஐதராபாத்தின் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு நிறுவனமும் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகமும் ஒப்பிட்டுப் பார்த்தன. ஐரோப்பியரிடம் கண்ட தொடர்பு இங்கே தென்படவில்லை. ஐரோப்பிய ஆய்வின் முடிவை அப்படியே நம் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இன்னொரு வியப்பும் இருக்கிறது. அதே துண்டு உள்ளவர்களுக்கு எச்ஐவி தொற்றும் வாய்ப்பு கால் பங்குக்கும் மேல் குறைவு என்று செபர்க் 2022இல் கண்டார். எச்ஐவி செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் சிசிஆர்5 ஏற்பியின் மரபணு அதே குரோமோசோமில், பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு வைரஸிடம் சிலரைக் காட்டிக்கொடுப்பது இன்னொன்றிடமிருந்து காக்கிறது. இதை நல்ல மரபணு என்பதா, கெட்ட மரபணு என்பதா?

இந்தியர்களின் மரபணுக்களைத் தொகுக்கும் ஜீனோம் இந்தியா திட்டத்தில் திரட்டிய 10,000 பேரின் மரபணுத் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. ஆனால் அந்தத் தரவுகளைத் தந்தவர்கள் ஆரோக்கியமானவர்கள், நோய் ஒருவரை ஏன் அதிகம் தாக்குகிறது என்று அறிய அது மட்டும் போதாது. டெங்குவில் ஒரு குழந்தை மூன்றே நாளில் எழுந்து ஓடுகிறது, இன்னொன்று அதிர்ச்சி நிலைக்குப் போகிறது. அந்த இரண்டு குழந்தைகளின் மரபணுக்களும் மருத்துவக் குறிப்புகளும், பெற்றோரின் சம்மதத்தோடு, அருகருகே வைத்துப் படிக்கப்பட வேண்டும். நம் அரசு மருத்துவமனைகளில் அந்த வேலை தொடங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

வணக்கம்.